தொங்கும் கார் உள்கூரைக்கு ஊசியும் பசையும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரில் உள்கூரைத் துணி பிரிந்து தொங்கினால் என்ன செய்வது என்ற வாசகர் கேள்விக்கு உங்கள் வாகனப் பக்கத்தில் மூன்று யோசனைகள் சொல்லப்பட்டிருந்தன: குண்டூசி குத்துவது, ஊசிக்குழலால் துணிக்குள் பசை செலுத்துவது, நீராவி இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவது. மூன்றும் அன்றைய பொழுதுக்கு உதவும். ஒன்றுகூட அடுத்த கோடையைத் தாண்டாது. ஏன் தாண்டாது என்பதையும், நிலைக்கும்படி செய்ய வேண்டுமானால் வேலை எப்படிப் போகும் என்பதையும் இந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம். கடிதம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சுருக்கமான யோசனைகளைக் கேட்டுச் செய்ததன் கறைதான் பல கார்களின் கூரையில் தெரிகிறது.

உள்கூரையில் கண்ணுக்குத் தெரிவது மெல்லிய பின்னல் துணி. அதன் முதுகில் சுமார் 3 மி.மீ. கனத்துக்குப் பாலியூரித்தேன் ஃபோம் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒன்றான அந்த விரிப்பு, கூரையின் வளைவுக்கு ஏற்ப அழுத்தி வார்த்த ஒரு பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். பலகை கண்ணாடி நாராலோ, பிசின் ஏற்றிய அட்டையாலோ, கெட்டி ஃபோமாலோ ஆனது. ஆலையில் போட்ட பசை பெரும்பாலும் கடைசிவரை பலகையை விடுவதில்லை. கெட்டுப்போவது நடுவிலிருக்கும் ஃபோம். வெயிலில் நிற்கும் காரின் கூரைத் தகடு கை வைக்க முடியாதபடி சுடும். அந்தச் சூடும் காற்றின் ஈரமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஃபோமின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. கடைசியில் அது பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறத் தூளாகிவிடுகிறது. பசையோடு ஒட்டிய ஃபோம் பலகையில் தங்க, துணியோடு ஒட்டியது துணியோடு வர, இரண்டுக்கும் நடுவே பிரிகிறது.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். தொங்கும் ஓரத்தை லேசாக விலக்கிப் பலகையை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் பிசுபிசுப்பான தூள் ஒட்டினால் ஃபோம் முடிந்தது. இன்று ஒரு மூலை, நாளை முழுக் கூரை. ஃபோம் பஞ்சுபோல அமுங்கி எழும்பி, முன்கண்ணாடி ஓரத்திலோ சன்ரூஃப் விளிம்பிலோ மட்டும் துணி விலகியிருந்தால், அங்கே விட்டுப்போனது பசைதான். அந்த ஒரு நிலையில் மட்டும் ஓரத்தைச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். மற்றபடி ஒட்டுவேலைக்கு இடமே இல்லை.

ஊசிக்குழல் வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே செலுத்தும் பசை பிடித்துக்கொள்வது தூளைத்தான், பலகையை அல்ல. உதிர்கிற சுவரில் சுண்ணாம்பு பூசுவது போலத்தான் அது. போதாக்குறைக்குப் பசையின் கரைப்பான் துணி வழியே கசிந்து, காய்ந்ததும் கெட்டியான கரும்புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளி எதைப் போட்டாலும் போகாது. நீராவி பழைய பசையைச் சற்று இளக்கும், துணி ஒட்டியது போலத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே ஈரத்தால் மக்கிய ஃபோமுக்கு இன்னும் ஈரம் ஊட்டியதுதான் மிச்சம். குண்டூசி, திருகு ஊசி இரண்டும் துணியின் எடையைச் சில புள்ளிகளில் தாங்கும், புள்ளிகளுக்கு நடுவே துணி தலையணை போல உப்பும். அதுகூடப் பரவாயில்லை. பலகைக்கு மேலே உள்விளக்கு வயர், ஆன்டெனா கேபிள், சில கார்களில் பின்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய் எல்லாம் ஓடுகின்றன. கூரையின் இரு பக்க ஓரத்திலும், திரை ஏர்பேக் (மோதலில் பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரைபோல இறங்கும் காற்றுப்பை) உள்ள கார்களில், மடித்த பை படுத்திருக்கிறது. அங்கே நீள ஊசியையோ ஸ்டேப்ளர் முள்ளையோ இறக்கச் சொல்லும் யோசனை அச்சில் வந்தது எங்களுக்கு அதிர்ச்சிதான்.

வேலை தொடங்குமுன் கூரையில் நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு விளிம்போடு வளையமாகத் தெரிந்தால் அது கசிவு. முன்கண்ணாடி ரப்பர், கூரைப் பள்ளத்தின் சீலன்ட், ஆன்டெனா அடிவாஷர், சன்ரூஃபின் நான்கு மூலை வடிகால் குழாய்கள், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சன்ரூஃப் வடிகாலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கசிவை விட்டுவிட்டுப் புதுத்துணி போடுவது காசைக் கரைப்பது.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மிகப் பழைய கார்களில் பலகையே கிடையாது. துணியோ ரெக்சினோ குறுக்குவாட்டில் தைத்த உறைகளுக்குள் கம்பிகள் ஓடும், அந்தக் கம்பிகள் கூரையின் இரு பக்கத்திலும் மாட்டி நிற்கும், ஓரம் முழுக்கப் பசையால் இழுத்து ஒட்டியிருக்கும். அதற்கு அளவு எடுத்துத் தைக்க வேண்டும். எந்தக் கம்பி எந்த வரிசையில் இருந்தது என்று கழற்றும்போதே எண் போட்டு வைக்காவிட்டால் திரும்ப மாட்ட முடியாது, ஒவ்வொரு கம்பியின் வளைவும் வேறு. கீழே சொல்வது பலகை வகைக்கு மட்டும்.

கழற்றுவதில் முதல் வேலை பேட்டரி. நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அந்த வண்டிக்கான கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பகுதி உண்டு, அது வடிய வேண்டும். கையேடு கையில் இல்லையென்றால் பத்து நிமிடமாவது விடுங்கள். மஞ்சள் நிற கனெக்டர், மஞ்சள் வயர் கண்ணில் பட்டால் அதில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது.  நடுவில் விளக்கு வேண்டும் என்று பேட்டரியை மாட்டி, ஏர்பேக் கனெக்டர் கழன்ற நிலையில் இக்னிஷனைப் போடுகிறவர்கள் உண்டு. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும், பிறகு அதை ஸ்கேனர் வைத்து அழிக்க வேண்டும்.

அதன்பின் சன்வைசர் (வெயில் மறைப்புத் தட்டு), அதன் கொக்கி, உள்விளக்கு, பக்கவாட்டுக் கைப்பிடிகள், கோட் மாட்டும் கொக்கி என ஒவ்வொன்றாக வரும். கைப்பிடியின் ஸ்க்ரூ ஒரு சிறு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். மூடியைத் தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளப்ப வேண்டும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மூடியின் விளிம்பு வெளுத்துவிடும். கதவு ரப்பர் பீடிங்கைக் கூரை ஓரத்தில் மட்டும் இழுத்து விடுங்கள். முன், நடு, பின் பில்லர்களின் (கூரையைத் தாங்கும் தூண்களின்) உறைகள் கிளிப்பில் நிற்கும். நடுப் பில்லரில் சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டும் கழல வேண்டும். ஏர்பேக் மேல் நிற்கும் பில்லர் உறைகளில் சிலவற்றுக்கு ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டிய கிளிப் இருக்கும். பழையதையே திரும்ப அழுத்தினால் பை விரியும்போது உறை எகிறிப் பறக்கும் அபாயம் உண்டு. ஒவ்வொரு இடத்தின் ஸ்க்ரூவையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். நீளம் வேறுபடும், நீளமான ஸ்க்ரூவைத் தவறான ஓட்டையில் முடுக்கினால் கூரைத் தகடு உள்ளிருந்து வெளியே புடைத்துவிடும்.

எல்லாம் கழன்றபின் பலகை கீழே இறங்குவது போலத் தெரியும், ஆனால் இழுக்காதீர்கள். பல கார்களில் வயர் கொத்து பலகையின் முதுகில் டேப்பாலோ பசையாலோ ஒட்டியிருக்கும். கையை மேலே விட்டுத் தடவிப் பார்த்துக் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். பலகையை வெளியே எடுக்க இரண்டு பேர் கட்டாயம். முன்சீட்டுகளை முழுக்கச் சாய்த்து, ஹேட்ச்பேக் என்றால் பின்கதவு வழியே, செடான் என்றால் பெரும்பாலும் முன் பயணி பக்கக் கதவு வழியே குறுக்காகச் சாய்த்து எடுக்கலாம். சன்வைசர் ஓட்டைகளுக்கு நடுவே, உள்விளக்கு ஓட்டையின் ஓரத்தில், இந்த இரண்டு இடங்களில்தான் பலகை மடிந்து முறியும். முறிந்தாலும் தூக்கிப்போட வேண்டியதில்லை. மேல்பக்கத்தில் கண்ணாடி நார்த் துணித்துண்டு வைத்து ரெசின் தடவி, நேராக வைத்துக் காயவிட்டால் நிற்கும். கீழ்ப்பக்கத்தில் தடவாதீர்கள், அந்த மேடு புதுத்துணியில் அப்படியே தெரியும்.

இனி சுத்தம். இந்த வேலை நன்றாக அமைவதும் பாழாவதும் இங்கேதான், ஆனால் அவசரப்படுகிறவர்கள் குறுக்குவழி தேடுவதும் இங்கேதான். பழைய துணி ஒரே இழுப்பில் வந்துவிடும். பலகையில் தங்கும் ஃபோமைக் கடினமான நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், பலகையின் மேற்பரப்பு பிய்ந்து பள்ளமாகும். ஒரே திசையில் தேய்த்துவிட்டு, குறுக்கே மறுபடி தேய்த்து, வேக்யூம் கிளீனரால் உறிஞ்சுங்கள். தண்ணீர் கூடவே கூடாது. அட்டைப் பலகை தண்ணீரில் ஊறினால் வளைவு போய்விடும். எவ்வளவு தேய்ப்பது என்ற கேள்விக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: காய்ந்த வெறுங்கையால் பலகை முழுக்கத் தடவி, கையில் தூள் படியாத வரை. பழைய பசையின் மெல்லிய மஞ்சள் படலம் இறுகிப்போய் நின்றால் அது இருக்கட்டும், அதைச் சுரண்டப்போய்ப் பலகையைக் கெடுக்காதீர்கள். கட்டியாக நிற்கும் பசையை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் சமப்படுத்துங்கள். வேலை வெட்டவெளியில் நடக்கட்டும். அந்தத் தூள் மூக்கில் ஏறும், கண்ணில் விழும்; முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. கண்ணாடி நார்ப் பலகை என்றால் கையுறையும், முழுக்கைச் சட்டையும் வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு இரண்டு நாள் விடாது.

துணி வாங்கும்போது உள்கூரைக்கென்றே வரும், முதுகில் 3 மி.மீ. ஃபோம் ஒட்டிய பின்னல் துணியைக் கேளுங்கள். ஃபோம் இல்லாத துணி மலிவு, ஆனால் பலகையின் ஒவ்வொரு குழியும் நாரும் வெளியே தெரியும், பசையும் நேராகத் துணிக்குள் ஊறும். சீட்டுக்குப் போடும் கனமான துணியும் வேண்டாம். பள்ளத்தில் படியாது, எடையும் அதிகம். அளவைப் பழைய துணியில் எடுக்காதீர்கள், அது சுருங்கியோ இழுபட்டோ இருக்கும். பலகையின் மிக நீளமான இடத்தையும் மிக அகலமான இடத்தையும் வளைவோடு சேர்த்து டேப் வைத்து அளந்து, நான்கு பக்கமும் 10 முதல் 15 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரண செடானுக்கு 1.5 மீட்டர் அகலத் துணியில் 2 மீட்டர் நீளம் பெரும்பாலும் போதும். சன்வைசருக்கும் அதே துணி போட வேண்டுமானால் இன்னும் அரை மீட்டர். நிறத்தைப் பில்லர் உறையோடு பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கடை விளக்கில் சாம்பலாகத் தெரிந்தது காரில் பச்சை அடிக்கும்.

பசைதான் அடுத்த சிக்கல். வெள்ளைப் பசையும், கைவினைப் பொருட்களுக்கான பொது ஸ்ப்ரே பசையும் சூட்டில் இளகும். டப்பாவில் உள்கூரை அல்லது வாகன உள்வேலைக்கானது என்றும், காய்ந்தபின் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்கும் என்றும் எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. பிரஷ்ஷால் தடவும் ரப்பர் பசை பலமானதுதான், ஆனால் கை பழகாதவர் தடவினால் ஒரு இடத்தில் தேங்கும், தேங்கிய இடத்தில் ஃபோமைத் தாண்டித் துணியில் கறையாகும். முழுக் கூரைக்கு அரை கிலோ அளவிலான ஸ்ப்ரே டப்பா இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வைத்துத் தொடங்கி, பாதியில் தீர்ந்து, மெல்லிசாக அடித்து முடிப்பவர்களின் வண்டிதான் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறது. பசையின் ஆவி சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பு, சிகரெட், பொறி பறக்கும் கிரைண்டர் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசமே மூச்சுக்குப் பாதுகாப்பு. தூசுக்கான துணிக்கவசம் இதற்கு உதவாது. மழை நாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பசைப்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வெண்மையாகும், அந்த இடம் பிடிக்காது.

ஒட்டும் முறை இது. பலகையை இரண்டு மேசை மேல், உள்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். துணியை முகம் மேலே இருக்கும்படி அதன்மேல் விரித்து, நடுக்கோடுகளைப் பொருத்தி, முன்பாதியைப் பின்பாதி மேல் மடித்துப் போடுங்கள். இப்போது பலகையின் முன்பாதியும் துணியின் ஃபோம் பக்கமும் திறந்திருக்கும். இரண்டிலும் 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து பசை அடிக்க வேண்டும், ஒரு முறை நீளவாக்கில், காய்ந்ததும் ஒரு முறை குறுக்கே. ஓரங்களிலும் பள்ளங்களிலும் இன்னும் ஒரு படலம் கூடுதலாக. பிறகு பொறுமை. விரல் முட்டியால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் முட்டியில் பசை வரக்கூடாது. வெப்பத்தைப் பொறுத்து 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் உள்ளே அடைபட்டு, வெயிலில் கொப்புளமாக எழும்பும்.

ஒட்டும்போது நடுவிலிருந்து வெளியே, ஒரு சாண் அகலம் ஒரு சாண் அகலமாக, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். அழுத்தி அமுக்கினால் ஃபோம் நசுங்கிக் கைத்தடம் நிலைக்கும். சன்வைசர் பதியும் குழி, உள்விளக்கைச் சுற்றிய பள்ளம், கைப்பிடி இருக்கும் வளைவு ஆகிய இடங்களில்தான் வேலையின் தரம் தெரியும். துணியை இழுத்துப் பிடித்துப் பள்ளத்தின் மேல் பாலம் போலப் போட்டால் பார்க்க நேர்த்தியாக இருக்கும். முதல் வெயிலிலேயே அது பள்ளத்திலிருந்து பிரிந்து நிற்கும். பள்ளத்தை முதலில் ஒட்டிவிட்டு, அங்கிருந்து மேட்டுக்கு வர வேண்டும். துணி பள்ளத்துக்குள் போக வேண்டிய அளவு தளர்வாகக் கையில் இருக்கட்டும். சுருக்கம் விழுந்தால் உடனே, மெதுவாக, அகலமாகப் பிடித்துத் தூக்கி மறுபடி படியவிடலாம். சில நிமிடம் கழித்துத் தூக்கினால் ஃபோம் பலகையிலேயே தங்கிவிடும். முன்பாதி முடிந்ததும் பின்பாதியை மடித்து அதே வேலை. இரண்டும் சேரும் கோட்டில் பசை இரட்டிப்பாகாமல் ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் மூன்று நான்கு செ.மீ. விட்டு வெட்டி, பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். வளைவுகளில் சிறு சிறு வெட்டுக் கொடுத்தால்தான் மடிப்பு குவியாது. உள்விளக்கு ஓட்டையில் துணியைப் பெருக்கல் குறியாகக் கீறி, நான்கு நாக்குகளையும் உள்ளே மடித்து ஒட்ட வேண்டும். விளிம்போடு வெட்டி எடுத்தால் விளக்கின் உறை மூடாத இடைவெளி தெரியும். ஸ்க்ரூ ஓட்டைகளைப் பின்பக்கத்திலிருந்து ஊசியால் குத்தி இடம் கண்டு, சின்னக் கீறல் மட்டும் போடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் பக்க ஓரத்தில் துணியைத் தடித்து மடிக்காதீர்கள், ஓரத்தைப் பில்லர் உறையோடோ பீடிங்கோடோ பசையால் பிணைக்காதீர்கள். பை அந்த ஓரத்தைத் தள்ளித்தான் கீழே வர வேண்டும்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். பலகை வெளியில் இருக்கும்போது கூரைத் தகட்டில் வெப்பத் தடுப்பு விரிப்பு ஒட்டலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ஒட்டலாம், மெல்லியதாக இருந்தால். பத்து மி.மீ. கனத்தில் ஒட்டிவிட்டுப் பலகையை முட்டிக்கொடுத்து ஏற்றினால் கிளிப் நிற்காது. ஏர்பேக் ஓடும் ஓரத்தில் எதையும் ஒட்டவே கூடாது. மாட்டும்போது கை சுத்தமாக இருக்கட்டும், வெளிர்நிறத் துணியில் விரல் அழுக்கு எளிதில் போகாது. முதலில் உள்விளக்கையும் சன்வைசரையும் தளர்வாக மாட்டிப் பலகையை இடத்தில் நிறுத்தி, எல்லா ஓட்டையும் பொருந்திய பிறகே முடுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைக் கையேடு சொல்லும் முடுக்கத்துக்கு, முடுக்க அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். ஏர்பேக் கனெக்டர்கள் எல்லாம் மாட்டியாயிற்றா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுக் கடைசியாகப் பேட்டரி. அடுத்த இரண்டு நாள் வண்டியைக் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்தாதீர்கள்.

தானே செய்ய முடியாதவர்கள் பட்டறையில் கேட்க வேண்டியவை: பலகையை வண்டியிலிருந்து வெளியே எடுப்பீர்களா, பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டுவீர்களா, எத்தனை டிகிரி தாங்கும் பசை? வண்டிக்குள்ளேயே வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்று சொன்னால் பழைய தூளின் மேலேயே புதுத்துணி ஏறப்போகிறது என்று அர்த்தம்.

உங்கள் வாகனப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இட நெருக்கடியில் இத்தனையும் அச்சிட முடியாது என்பது தெரியும். குண்டூசி யோசனையை மறுபடி வெளியிட நேர்ந்தால், திரை ஏர்பேக் உள்ள கார்களில் கூரை ஓரத்தில் ஊசியோ ஸ்டேப்ளரோ இறக்கக்கூடாது என்ற ஒரு வரியை அதன் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
கார் உள்வேலைப் பட்டறைத் தொழிலாளர்கள்